செங்காந்தள் விதையும் மத்திய தரைக்கடற் காய்ச்சலும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலியோரங்களில் தீக்கொழுந்துபோல் பூத்து நிற்கும் கொடி ஒன்று உண்டு. அதுவே செங்காந்தள். மொட்டு விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளடைவில் செந்நிறமாக மாறும் அதன் இதழ்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக அடுக்கிச் சொல்லும் மலர்களுள் முதலில் நிற்பது இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. உழவர்கள் இதனைக் கண்வலிக் கிழங்கு என்றும், கலப்பைக் கிழங்கு என்றும் அழைப்பர். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கலப்பைபோல் வளைந்து இருப்பதைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இத்துணை அழகிய கொடியின் வேர் முதல் விதை வரை எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதையும் நம் பெரியோர் அறிந்திருந்தனர். ஆனால் அந்த நஞ்சிலிருந்தே இரண்டு மருந்துகள் கிடைக்கின்றன. ஒன்று, கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் தயோகால்ச்சிகோசைடு என்னும் தசைத் தளர்த்தி மருந்து. மற்றொன்று, அதன் நெருங்கிய உறவாகிய கால்ச்சிசின். மத்திய தரைக்கடலைச் சுற்றி வாழும் மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வரும் ஓர் அழற்சி நோயைக் கட்டுப்படுத்துவது இக்கால்ச்சிசினே. அந்நோய் எத்தகையது, மருந்து எவ்வாறு கண்டறியப்பட்டது, அது உடலுக்குள் என்ன செய்கிறது, ஒரே கொடியில் பிறந்த இரு மருந்துகளும் ஏன் வெவ்வேறு குணமுடையன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செடியும் சேர்மமும்

கால்ச்சிசின் முதன்முதலில் செங்காந்தளில் கண்டறியப்பட்டதன்று. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் ஊதா நிறமாகப் பூக்கும் கால்ச்சிகம் என்னும் செடியில்தான் கண்டறியப்பட்டது. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டுப் பகுதியில் இருந்த கால்ச்சிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரே அச்செடிக்கு வைக்கப்பட்டது. கால் பெருவிரல் மூட்டு வீங்கி, துணி பட்டாலும் பொறுக்க முடியாத வலியைத் தரும் ‘கௌட்’ என்னும் மூட்டு நோய்க்கு, 6-ஆம் நூற்றாண்டிலேயே டிரால்லஸ் நகரத்து அலெக்சாண்டர் என்னும் மருத்துவர் இவ்வினச் செடியின் கிழங்கைப் பயன்படுத்தினார்.

1820-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியல் அறிஞர்களான பெல்லெத்தியே, கவாந்து ஆகிய இருவரும் அச்செடியிலிருந்து இச்சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்கான குவினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. கால்ச்சிசின் மூலக்கூறு ஒன்றில் 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன.

செங்காந்தளும் கால்ச்சிகமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே செங்காந்தள் விதையிலும் கால்ச்சிசின் உண்டு. அதனுடன் ஒரு சர்க்கரை மூலக்கூறு இணைந்த கால்ச்சிகோசைடு என்னும் பொருளும் உண்டு. கால்ச்சிகோசைடில் ஓரிடத்தில் இருக்கும் ஆக்சிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணு ஒன்றை அமைத்தால் கிடைப்பதே தயோகால்ச்சிகோசைடு. ‘தயோ’ என்னும் முன்னொட்டு கந்தகத்தைக் குறிக்கும் என்பதை வேதியியலில் படிக்கிறோம்.

ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் முதலிய இடங்களில் இக்கொடியைப் பந்தல் போட்டு விதைக்காகவே பயிரிடுகின்றனர். காய் நன்றாகப் பிடிப்பதற்காகக் காலை வேளையில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்வதும் உண்டு. அவ்விதைகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. நம் மாவட்டங்களில் விளையும் விதைக்கும் தொலைவில் உள்ள ஒரு நோயாளிக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்படுகிறது.

நோயின் இயல்பு

1908-ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர்களான ஜேன்வே, மோசன்தால் இருவரும் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். நம் பள்ளியில் இருந்தால் அவள் நமக்கு அக்காவாக இருந்திருப்பாள். அவளுக்கு அடிக்கடி காய்ச்சலும் கடும் வயிற்று வலியும் வந்துகொண்டே இருந்தன. காரணம் இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. பிற்காலத்தில் அறிஞர்கள் அவ்வறிக்கையைப் படித்தபோது, அது மத்திய தரைக்கடற் குடும்பக் காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும் என்று கருதினர்.

இந்நோய் திடீரென்று தாக்கும். காய்ச்சல் ஏறும். வயிற்றின் உள் உறை அழற்சியுற்று வயிறு பலகைபோல் விறைத்து வலிக்கும். சிலர்க்கு நெஞ்சில் வலி வந்து மூச்சு இழுக்கவே முடியாது. சிலர்க்கு முழங்கால், கணுக்கால் மூட்டுகள் வீங்கும். ஒன்று முதல் மூன்று நாட்களில் எல்லாம் தானாகவே அடங்கிவிடும். பின்பு சில வாரங்களோ மாதங்களோ நோயாளி மற்றவர்போல் நடமாடுவார். மீண்டும் ஒரு நாள் அதே வேதனை வரும். பெரும்பாலோர்க்கு இது இருபது வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

இதில் உள்ள கொடுமை இரு வகை. வயிற்று வலியைக் குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது உண்டு. திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாகவே இருக்கும். மற்றொன்று, மூன்றாம் நாள் குழந்தை எழுந்து விளையாடுவதைக் கண்டு, ‘பள்ளிக்குப் போகாமல் இருக்க நடித்தது’ என்று வீட்டார் எண்ணிவிடுவது. உண்மையாகவே வலியால் துடித்த ஒருவரை யாரும் நம்பாமல் இருப்பது அந்த வலியினும் பெரிய வலியல்லவா?

1945-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் ஷெப்பர்டு சீகல் இந்நோயைத் தெளிவாக விவரித்து, ‘தீங்கற்ற’ வயிற்றுறை அழற்சி என்னும் பொருள்பட ஒரு பெயரும் சூட்டினார். ஆனால் அது தீங்கற்றதன்று. 1952-இல் பிரான்சில் மாமு, காத்தான் என்னும் மருத்துவர்கள், இந்நோய் உள்ள குடும்பங்களில் சிறுநீரகக் கேடும் வருவதை எடுத்துக் காட்டினார்கள். அழற்சி திரும்பத் திரும்ப வரும்போது அமிலாய்டு என்னும் புரதப்பொருள் சிறுநீரகங்களில் படிகிறது. முதலில் சிறுநீரில் புரதம் கசியும். முடிவில் சிறுநீரகங்கள் செயலிழக்கும். 1958-இல் இஸ்ரேல் நாட்டு மருத்துவர்களான ஹெல்லர், சோஹார் முதலியோர் மத்திய தரைக்கடற் குடும்பக் காய்ச்சல் என்னும் பெயரை வழங்கினர். யூதர், ஆர்மீனியர், துருக்கியர், அரபியர் ஆகியோரிடையே இது மிகுதி. நம் நாட்டில் அரிது.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு

இது தொற்று நோயன்று. நோயாளியின் பக்கத்தில் அமர்வதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ வராது. பெற்றோரின் மரபணு வழியே வருவது. மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றி நாம் படித்த பாடத்தை இங்கு நினைவுகூர்வோம். நெட்டைப் பண்பு ஓங்கு பண்பு, குட்டைப் பண்பு ஒடுங்கு பண்பு என்று படித்தோமல்லவா? இந்நோய் ஒடுங்கு பண்பாகவே பெரும்பாலும் வருகிறது.

தந்தை, தாய் இருவரிடமும் ஒரு நல்ல மரபணுவும் ஒரு மாறிய மரபணுவும் இருப்பதாகக் கொள்வோம். அவர்களிடம் பொதுவாக நோய் தோன்றாது. அவர்களைக் கடத்திகள் என்பர். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, இரண்டு மாறிய மரபணுக்களும் சேர்ந்து நோய் வரும் வாய்ப்பு உண்டு. நான்கில் இரு பங்கு, பெற்றோரைப்போல் கடத்தியாகும் வாய்ப்பு உண்டு. நான்கில் ஒரு பங்கு, மாறிய மரபணு எதுவுமே இல்லாத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்று குழந்தைகளுக்கும் வராது என்று எண்ணுவது தவறு. நாணயத்தை ஒவ்வொரு முறை சுண்டும்போதும் கணக்கு புதிதாகத் தொடங்குவதுபோலவே இதுவும்.

இவ்விடத்தில் நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நெருங்கிய உறவினர் ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே மாறிய மரபணுவைப் பெற்றிருக்கக் கூடும். எனவே மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒடுங்கு பண்பாக வரும் நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. இந்த ஒரு நோய்க்கு மட்டுமன்றி, இவ்வகை மரபு நோய்கள் பலவற்றிற்கும் இது பொருந்தும்.

மருந்து கண்ட வரலாறு

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் ஸ்டீபன் கோல்டுஃபிங்கர் ஒரு மருத்துவ இதழுக்குச் சுருக்கமான கடிதம் ஒன்று எழுதினார். கௌட் நோய்க்கு வழங்கிவந்த அந்தப் பழைய கால்ச்சிசினை நாள்தோறும் உட்கொண்ட ஐந்து நோயாளிகளுக்கு இக்காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைந்தது என்பதே அக்கடிதத்தின் செய்தி. அதே ஆண்டில் துருக்கி நாட்டு மருத்துவர் எமிர் ஓஸ்கானும் தாமாகவே இதனைக் கண்டறிந்து தெரிவித்தார்.

ஐந்து பேருக்குக் குணம் தெரிந்தால் போதுமா? போதாது. இந்நோய் தானாக வந்து தானாகப் போவது. மருந்து கொடுத்த மாதத்தில் நோய் வராமல் இருந்தது தற்செயலாகவும் இருக்கலாம். மருந்து உண்கிறோம் என்னும் நம்பிக்கையே சிலர்க்குத் தெம்பு தருவதும் உண்டு. ஆகவே விஞ்ஞானிகள் ஒரு நேர்மையான முறையைக் கையாண்டனர். கால்ச்சிசின் மாத்திரையையும், பார்வைக்கு அதேபோல் இருக்கும் மருந்தில்லாத மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். எந்த மாதம் எது கொடுக்கப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவில்தான் உறையைப் பிரித்துக் கணக்குப் பார்ப்பர்.

1974-இல் இவ்வகை ஆய்வுகள் மூன்று வெளிவந்தன. அவற்றுள் ஒன்றை அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த சார்லஸ் டினரெல்லோவும் அவருடைய குழுவினரும் 11 நோயாளிகளைக் கொண்டு நடத்தினர். மருந்தில்லாத மாத்திரை உண்ட காலத்தில் 38 தாக்குதல்கள் வந்தன. கால்ச்சிசின் உண்ட காலத்தில் 7 தாக்குதல்களே வந்தன. ஐயத்துக்கு இனி இடமேது?

தவறாதவரும் தவறியவரும்

வலி குறைந்தது சரி, சிறுநீரகம் காக்கப்படுமா என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கு விடை காணப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் டெபோரா செமெர் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1,070 நோயாளிகளை 4 முதல் 11 ஆண்டுகள் வரை கண்காணித்து, 1986-இல் முடிவை வெளியிட்டனர்.

தொடக்கத்தில் சிறுநீரகக் கேட்டின் அறிகுறி இல்லாதவர்கள் 960 பேர். அவர்களுள் 54 பேர், மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள். மற்ற 906 பேர் தவறாமல் உண்டவர்கள். தவறாமல் உண்ட 906 பேரில் நால்வருக்கு மட்டுமே சிறுநீரில் புரதம் தோன்றியது. ஒழுங்காக உண்ணாத 54 பேரில் 16 பேருக்குத் தோன்றியது. அதாவது முதல் கூட்டத்தில் இருநூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டாம் கூட்டத்திலோ ஏறத்தாழப் பத்துக்கு மூவர்!

இந்த எண்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. அந்த 54 பேரும் அறிவில்லாதவர்கள் அல்லர். வலி இல்லாத நாளில் மாத்திரை உண்ண மறப்பது மனித இயல்பு. ‘இப்போதுதான் ஒன்றும் இல்லையே’ என்று தோன்றும். ஆனால் ஒன்றும் இல்லாத நாள்களைத் தந்ததே அந்த மாத்திரைதான். நம் வீட்டிலும் பாட்டி இரத்த அழுத்த மாத்திரையையோ, தாத்தா நீரிழிவு மாத்திரையையோ ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்துவதைக் காண்கிறோம். மாத்திரை முடிந்துவிட்டதா, நேரத்துக்கு உண்டார்களா என்று கேட்பதற்கு நாம் மருத்துவராக வேண்டியதில்லை. பேத்தியாக இருந்தால் போதும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மருந்து பயன்படுகிறது என்பது 1974-இல் தெரிந்துவிட்டது. எப்படிப் பயன்படுகிறது என்பதை அறிய மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன.

1997-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தன. அது 16-ஆம் குரோமோசோமில் உள்ளது. எம்.ஈ.எஃப்.வி. என்பது அதன் பெயர். அம்மரபணு உருவாக்கும் புரதத்துக்குப் பன்னாட்டுக் குழு, தீ என்னும் கிரேக்கச் சொல்லை ஒட்டி ‘பைரின்’ என்று பெயரிட்டது. பிரெஞ்சுக் குழுவோ, ரோமானியர் மத்திய தரைக்கடலை ‘எங்கள் கடல்’ என்று அழைத்த சொல்லைக் கொண்டு ‘மாரெனாஸ்ட்ரின்’ என்று பெயரிட்டது. பைரின் என்பதே நிலைத்தது. 781 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. அதில் 694-ஆம் மணியாகிய மெத்தியோனின் மாறி வாலின் என்னும் வேறு மணி கோக்கப்பட்டுவிட்டால் நோய் கடுமையாக வருகிறது. 781 மணிகளில் ஒரு மணி மாறியதால் எத்தனை துன்பம்!

பைரினை வெள்ளணுக்களுக்குள் இருக்கும் இரவுக் காவலாளி என்று கொள்ளலாம். நம் உயிரணுவில் ‘ரோ-ஏ’ என்னும் புரதம் ஒன்று உண்டு. சில பாக்டீரியாக்களின் நஞ்சு அதனைச் செயலிழக்கச் செய்யும். ரோ-ஏ வேலை செய்யும்வரை காவலாளி உறங்கலாம். அது நின்றுவிட்டால் பகைவன் நுழைந்துவிட்டான் என்று பொருள். உடனே பைரின் விழித்துக்கொண்டு மணியை அடிக்கும். பெய்ஜிங் நகர விஞ்ஞானி ஃபெங் ஷாவோவின் குழுவினர் 2014-இல் இதனைக் கண்டறிந்தனர். மணி அடித்ததும் இன்டர்லூகின்-1 என்னும் பொருள் வெளிப்பட்டுக் காய்ச்சலையும் அழற்சியையும் உண்டாக்குகிறது. மேலே கண்ட டினரெல்லோவே காய்ச்சலை உண்டாக்கும் இப்பொருளை 1977-இல் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

காவலாளி வீணாக விழிக்காமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ரோ-ஏ செயல்படும்போது சில நொதிகள் பைரின்மேல் பாஸ்பேட்டு முத்திரை குத்துகின்றன. முத்திரை குத்திய பைரினை வேறொரு புரதம் பற்றிக்கொண்டு அமைதியாக வைத்திருக்கிறது. மாறிய பைரினில் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஆகவே திருடன் வராதபோதும், சிறு சலசலப்புக்கே மணி அடிக்கப்படுகிறது. காரணமின்றிக் காய்ச்சல் வருவதன் காரணம் இதுவே.

கால்ச்சிசின் இங்கு எவ்வாறு உதவுகிறது? உயிரணுவுக்குள் டியூபுலின் என்னும் புரத மணிகள் அடுக்கி அமைந்த நுண்குழல்கள் உள்ளன. கால்ச்சிசின் அம்மணிகளைப் பற்றிக்கொண்டு குழல் அமையாதவாறு தடுக்கிறது. நுண்குழல்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம், குழல் கலையும்போது விடுபட்டு ரோ-ஏ-யைத் தூண்டுகிறது. ரோ-ஏ தூண்டப்பட்டதும் பைரின்மேல் முத்திரை விழுகிறது. காவலாளி மீண்டும் உறங்குகிறான். அமெரிக்காவில் டேனியல் காஸ்ட்னர், ஜே சே முதலியோர் அடங்கிய குழு 2016-இல் இதனை வெளியிட்டது.

தீமையிலும் ஒரு நன்மை

இத்துணைத் துன்பம் தரும் மரபணு ஏன் இத்தனை மக்களிடம் நிலைத்திருக்கிறது? சில இனத்தவரிடையே ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவர்கூடக் கடத்தியாக இருக்கின்றனர். 2020-இல் அதே குழுவினர் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கொள்ளைநோயாகிய பிளேக்கை உண்டாக்கும் பாக்டீரியா, தன்னிடமுள்ள ஒரு புரதத்தால் பைரினை மயக்கி உறங்க வைத்துவிடுகிறது. மாறிய பைரினை அவ்வளவு எளிதில் மயக்க முடிவதில்லை. இம்மாற்றம் பெற்ற எலிகள், மற்ற எலிகளைவிடப் பிளேக்கைத் தாங்கி அதிகமாகப் பிழைத்தன. பழங்காலக் கொள்ளைநோய்களின்போது ஒரே ஒரு மாறிய மரபணு பெற்ற கடத்திகள் பிழைத்து, அதனைத் தம் சந்ததியினர்க்கு வழங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. முன்னோரைக் காத்த வேலியே பேரப் பிள்ளையின் காலில் முள்ளாகத் தைக்கிறது போலும்.

தசைத் தளர்த்தி மருந்து: உறவு வேறு, குணம் வேறு

இனி, செங்காந்தள் விதையின் மற்றொரு மருந்தாகிய தயோகால்ச்சிகோசைடுக்கு வருவோம். கால்ச்சிசினை ஒத்த உருவம் இருந்தாலும் இது வேலை செய்யும் இடம் வேறு. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புச் செய்திகளை மட்டுப்படுத்தும் ஏற்பிகளில் இது செயல்பட்டு, இறுகிய தசையைத் தளரச் செய்கிறது. எனவே கால்ச்சிசினுக்குப் பதிலாக இதனை மத்திய தரைக்கடற் காய்ச்சலுக்கு உண்ண முடியாது. பெயரும் பிறப்பும் ஒன்றுபோல் இருப்பதால் பயனும் ஒன்றென்று எண்ணலாகாது.

ஆயினும் குடும்பக் குணம் ஒன்று இதனிடமும் மறைந்திருக்கிறது. உயிரணுப் பகுப்பின்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் கதிர் இழைகளும் நுண்குழல்களே. கால்ச்சிசின் அவற்றைக் கலைப்பதால் குரோமோசோம்கள் பிரியாமல் நின்றுவிடும். 1937-இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்போர் இதனைப் பயன்படுத்தித் தாவரங்களில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினர். தயோகால்ச்சிகோசைடு உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளும், குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரிவதைக் கெடுக்கக் கூடியது என்று ஆய்வுகள் காட்டின. 46 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எத்தகைய கேடு வரும் என்பதை நாம் படித்திருக்கிறோம்.

இதனால் 2013-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து முகமை இம்மருந்துக்குக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. மாத்திரையாக ஏழு நாளுக்கு மேல் உண்ணலாகாது. ஊசியாக ஐந்து நாளுக்கு மேல் போடலாகாது. கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் கொடுக்கலாகாது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்க்கும் ஏற்றதன்று. தோழியரே, இந்தக் கடைசி விதி நம்மைப் பற்றியது! விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி செய்து இடுப்புப் பிடித்துக்கொண்டால், அப்பாவுக்கு வாங்கிய மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது சில வீடுகளில் வழக்கம். அந்த மாத்திரையில் இம்மருந்து இருக்கக் கூடும். பெரியவர்க்கு எழுதிக் கொடுத்தது நமக்கு ஆகாது. வலி என்றால் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் செல்வதே முறை.

கால்ச்சிசினுக்கும் எச்சரிக்கை உண்டு. குணம் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. நோயாளிகள் உண்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். அளவு மிஞ்சினால் முறிவு மருந்து இல்லை. செங்காந்தள் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் உயிரிழந்தது உண்டு. ஆகவே தம்பி தங்கையர் இக்கொடியைப் பிடுங்கி விளையாடாதவாறு பார்த்துக்கொள்வோம். மலரைக் கண்ணால் கண்டு மகிழ்வோம். கிழங்கையும் விதையையும் வாயில் வைக்காதிருப்போம்.

முடிவுரை

ஆறாம் நூற்றாண்டில் மூட்டு வலிக்குக் கொடுத்த கிழங்கு, 1820-இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1972-இல் ஐந்து நோயாளிகளின் காய்ச்சலைத் தணித்து, 1974-இல் நேர்மையான சோதனையில் வென்று, 2016-இல் தன் மறைபொருளையும் வெளிப்படுத்தியது. இதில் எந்தப் படியையும் ஒருவர் தனியே நின்று கட்டவில்லை. பிரான்ஸ், துருக்கி, இஸ்ரேல், அமெரிக்கா, சீனா எனப் பல நாட்டவர் கல் எடுத்து வைத்தனர். கொடியைப் பயிரிட்டு விதை சேர்க்கும் நம் ஊர் உழவர்க்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாவற்றினும் மேலாக, வலிக்கிறது என்று சொன்னவரை நம்பி, அந்த வலிக்குக் காரணம் தேடியவர்களால்தான் இது நடந்தது. நம் வகுப்பிலும் அடிக்கடி உடல்நலமின்றி விடுப்பு எடுக்கும் தோழி இருப்பாள். மூன்றாம் நாள் அவள் சிரித்துக்கொண்டே வந்து அமர்ந்தாலும், ‘நடிக்கிறாள்’ என்று நாம் பேசாதிருப்போம். அவளுக்கு விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுப்போம். காரணம் தேடுவது மருத்துவர் கடமை. நம்புவது தோழியர் கடமை.